ஓடாதவள் பெயரில் ஓட்டம்

1

“ஓட வராதவுகதானம்மா நடப்பாக?”

காரைக்குடியில் எங்கள் தடகளச் சங்கத்தில் சேரப் போன முதல் நாள் செயலாளர் என்னிடம் கேட்டது இது. நான் அப்போதுதான் நர்சிங் கல்லூரியில் சேர்ந்திருந்தேன். நடைப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்க வந்திருக்கிறேன் என்றதும், அவர் நாற்காலியில் சாய்ந்து, சுற்றியிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார். மைதானத்து ஓரமாகக் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்தான், தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னாள்.

“ஓட வர்றவுகள எங்கூட வந்து நடக்கச் சொல்லுங்க சார். பாப்போம்.”

சிரித்தவர்கள் இன்னும் கூடுதலாகச் சிரித்தார்கள். செயலாளர் மட்டும் நிறுத்திக்கொண்டார்.

அவள் பெயர் பஞ்சவர்ணம். எனக்கு வர்ணம். என் வயதுக்காரி. அந்தச் சங்கத்தில் இருபது கிலோமீட்டர் நடந்த முதல் பெண். அன்றிலிருந்து நான் இரண்டாவது பெண். அவள் இறந்து இந்த மாதம் ஓராண்டு ஆகிறது. அவளை நினைத்து அழுவதற்காக இதை எழுதவில்லை. அழுது முடித்தாயிற்று. இப்போது இருப்பது கோபம்.

2

ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியாக இருக்கிறேன். சென்ற வாரம் காலைப் பணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அப்பாவிடமிருந்து கைப்பேசியில் ஒரு படம் வந்தது. பின்னாலேயே அழைப்பும் வந்தது. அப்பா செக்காலை ரோட்டில் ஓர் இரும்புக் கடையில் கம்பி இறக்குகிறவர். கடைக்கு எதிர்ச் சுவரில் புதிதாக ஒட்டியிருந்த போஸ்டரைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்.

“ஏத்தா மாரி, நம்ம வர்ணம் போட்டோவ ஒட்டியிருக்காக. என்ன போட்டுருக்குன்னு வாசி.”

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டி வாசித்த முதல் ஆள் நான். கரண்ட் பில், ரேஷன் கடை அறிவிப்பு, மருந்துச் சீட்டு என்று எது வந்தாலும் நான் வாசித்துச் சொன்னால்தான் அப்பா நம்புவார். கடல் தாண்டி வந்த பிறகும் அந்த வேலை என்னிடம்தான் இருக்கிறது. அதில் எனக்குப் பெருமை உண்டு. அதனால் ஷூவைப் பாதி மாட்டியபடியே உரக்க வாசித்தேன். பஞ்சவர்ணம் என்ற பெயர்வரை குரல் ஒழுங்காக வந்தது. அடுத்த சொல்லில் நின்றுவிட்டேன்.

“என்னத்தா, லைன் கட்டாயிருச்சா?”

“இல்லப்பா. நினைவு ஓட்டம்னு போட்டுருக்காக.”

“யாரு ஓடுறது?”

“எல்லாரும். வர்ணம் நினைவா எல்லாரும் ஓடணுமாம்.”

அப்பாவுக்குப் பின்னால் லாரியிலிருந்து கம்பிகள் இறங்கும் சத்தம் கேட்டது.

“அந்தப் புள்ள பஸ்ஸுக்கே ஓடாதே,” என்றார்.

மிச்சத்தையும் வாசித்தேன். ஆண்களுக்குப் பத்து கிலோமீட்டர், பெண்களுக்கு மூன்று. எங்கள் மைதானத்தில் தொடங்கி, கோவிலூர் சாலையில் போய்த் திரும்ப வேண்டும். செயலாளர் தலைமையில் ஓட்டம். அவர் படம் வர்ணத்தின் படத்தைவிடப் பெரிதாக இருந்தது.

வர்ணத்தின் படத்தை விரலால் விரித்துப் பார்த்தேன். அவள் இரண்டு காலும் தரையில் இல்லை. பணிக்குத் தாமதமாகப் போனேன். வேலைக்கு வந்து நான் தாமதமானது அதுதான் முதல் முறை.

3

அந்தப் படத்தைப் பார்த்து நான் ஏன் கொதித்தேன் என்பதற்கு நடைப் பந்தயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இரண்டே விதிதான். எப்போதும் ஏதாவது ஒரு பாதம் தரையில் இருக்க வேண்டும். முன்னால் வைக்கிற கால், தரையைத் தொட்ட நொடியிலிருந்து உடம்பு அதன் மேல் நேராக வந்து நிற்கும்வரை முட்டி மடங்கக் கூடாது. இந்த இரண்டையும் காப்பாற்றிக்கொண்டு வேகமாகப் போனால் இடுப்பு அசையும். அந்த அசைவைப் பார்த்துத்தான் ஊரே சிரிக்கும். வழி நெடுக நடுவர்கள் நிற்பார்கள். கால் பிசகினால் மஞ்சள் மட்டையைக் காட்டி எச்சரிப்பார்கள். மீண்டும் பிசகினால் சிவப்பு அட்டை எழுதுவார்கள். மூன்று நடுவர்கள் எழுதினால் வெளியே போக வேண்டியதுதான். ஓடியவளுக்கு எங்கள் ஆட்டத்தில் இடம் இல்லை. ஓட்டம்தான் எங்களுக்குக் குற்றம்.

நடுவர்கள் கண்ணால் மட்டுமே பார்ப்பார்கள். ஏனென்றால் எவ்வளவு சுத்தமாக நடந்தாலும், வேகத்தில் ஓர் இமைப்பொழுது இரண்டு காலும் தரையை விட்டிருக்கும். அது கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். அப்படி ஒரு படத்தைத்தான் சங்கத்துப் பையன் ஒருவன் ஒரு போட்டியில் எடுத்துவிட்டு, பெருமையாக வர்ணத்திடம் காட்டினான்.

“அழிடா இத,” என்றாள் வர்ணம்.

“யக்கா, சூப்பரா வந்துருக்குக்கா.”

“பாக்குறவுக நான் ஓடுறேன்னு நெனப்பாக. அழி.”

அவன் அழித்துவிட்டதாகச் சொன்னான். அழிக்கவில்லை. இன்று செக்காலை ரோடு முழுக்க அந்தப் படம்தான்.

அவளுக்கு ஓடுவது என்றால் அப்படி ஒரு வீம்பு. மழை வந்தால் நனைவாள், ஓட மாட்டாள். “ஓடிப் பழகுனா காலு அதத்தான் ஞாபகம் வச்சுக்கிரும்டி. போட்டியில அசந்த நேரத்துல காட்டிக் குடுத்துரும்,” என்பாள். ஒரு நாள் கோவிலூர் வரை நடந்து முடித்துவிட்டு நின்றிருந்தோம். அவளுக்குக் கடை திறக்கும் நேரம் நெருங்கிவிட்டது. செக்காலையில் ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவள் அவள். டவுன் பஸ் எங்களைத் தாண்டிப் போய், கொஞ்ச தூரத்தில் நின்றது. கண்டக்டர் வெளியே தலையை நீட்டிக் கூப்பிட்டார்.

“ஏத்தா, ஓடியா! வண்டி கிளம்பிருச்சு!”

“ஓட மாட்டேண்ணே! நில்லுங்க, நடந்து வாரேன்!”

“ஒனக்காக நான் டீசல எரிச்சுக்கிட்டு நிக்கவா?”

அவள் முழங்கையை மடக்கிக்கொண்டு போட்டி நடை நடந்தாள். நான் அவள் பின்னால் நடந்தேன். பஸ்ஸின் ஒரு பக்கத்து ஜன்னல் முழுக்கத் தலைகள். சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையில் பையோடு ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்துகொண்டிருந்தார். வர்ணம் படியில் ஏறித் திரும்பி நின்று கண்டக்டரிடம் சொன்னாள்:

“பாத்தீகளாண்ணே? ஓடுனவரு இன்னும் வந்து சேரல.”

பஸ்ஸே சிரித்தது. பை வைத்திருந்தவரும் சிரித்தார். எனக்குத் தெரிந்து எங்கள் நடையைப் பார்த்து மற்றவர்கள் எங்களோடு சேர்ந்து சிரித்தது அன்று ஒரு நாள்தான்.

4

கோவிலூர் சாலையில் நாங்கள் ஏன் நடந்தோம்? அதுவும் கோபத்தின் கணக்கில்தான் சேரும்.

சங்கத்துக்கு மைதானம் இருந்தது. ஆனால் காலையில் அது பையன்களின் கால்பந்துக்கு. கேட்டால் செயலாளர், “நடக்கத்தானம்மா போறீக, ரோட்டுல நடங்க. ரோடு என்ன காசா கேக்குது?” என்பார். ரோடு காசு கேட்கவில்லை. பைக்கில் வருகிற பையன்கள்தான் பின்னாலேயே வந்தார்கள். “வாத்து போகுதுடா டேய்!” என்று கத்துவார்கள். வர்ணம் நடையைக் குறைக்க மாட்டாள். “வாத்துக்குப் பின்னாடி எதுக்குடா வர்ற, முட்டை பொறுக்கவா?” என்பாள். நான் எப்போதும் சாலையின் உள்பக்கம். அவள் வண்டிகள் போகிற பக்கம். இது நாங்கள் பேசி வைத்துக்கொண்டது இல்லை. முதல் நாளே அவள் அங்குட்டுப் போய் நின்றுகொண்டாள், அவ்வளவுதான்.

ஒரு வருடம் மாநிலப் போட்டிக்குச் சங்கம் அனுப்பிய பெயர்களில் எங்கள் இருவர் பெயரும் இல்லை. “நடைக்கு ஆள் இல்லைன்னு எழுதி அனுப்பிட்டேனே,” என்றார் செயலாளர், ஏதோ கடையில் உப்பு வாங்க மறந்த மாதிரி. மறுநாள் காலையில் வர்ணம் சங்கத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் தெருவுக்குப் போனாள். அவர் வீட்டு முன்னால் நடக்க ஆரம்பித்தாள். தெரு முனை வரை போவாள், திரும்புவாள். போவாள், திரும்புவாள். நானும் சேர்ந்துகொண்டேன். தெரு நாய் ஒன்றும் எங்களோடு சேர்ந்துகொண்டது. பால் வாங்க வந்தவர்கள், பல் துலக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள்.

“என்னத்தா இது, வேண்டுதலா?” என்று ஒருவர் கேட்டார்.

“இல்லங்கய்யா. நடைக்கு ஆள் இல்லன்னு சொன்னாக. அதான் ஆள் காட்ட வந்தோம்.”

செயலாளரின் மனைவி முதலில் வெளியே வந்தார். பார்த்தார். உள்ளே போனார். சற்று நேரத்தில் செயலாளர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். எங்கள் பெயரும் போட்டிக்குப் போனது.

அந்தப் போட்டியில்தான் சென்னையிலிருந்து ஒரு பெரிய சங்கத்துக்காரர்கள் அவளைக் கூப்பிட்டார்கள். ஷூ, தங்குமிடம், வேலைக்கும் சொல்லி வைக்கிறோம் என்றார்கள். அவள் போகவில்லை. தான் போய்விட்டால் கோவிலூர் சாலையில் நான் ஒற்றையாக நடக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். நான் அதைக் கேட்டபோது, “ஒனக்காகன்னு நெனச்சு ரொம்பப் பூரிக்காத. அந்த ஹாஸ்டல்ல சோறு கொழகொழன்னு இருக்குமாம்,” என்றாள்.

பிறகு நான்தான் கிளம்பினேன். ஜெர்மன் படித்து, தேர்வு எழுதி, இங்கே வந்தேன். அவளை விட்டுவிட்டு வந்த குற்றவுணர்ச்சி எனக்கு இருக்க வேண்டும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். இல்லை. விண்ணப்பம் போடச் சொல்லி என் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே இருந்தவள் அவள். நான் போன பிறகு அவள் ஒற்றையாக நடக்கவும் இல்லை. நாலு பிள்ளைகளைப் பிடித்து நடையில் சேர்த்துவிட்டாள்.

5

லைப்சிக்கில் ஆற்றங்கரைப் பாதையில் நடக்கிறேன். இங்கே வயதானவர்கள் இரண்டு கையிலும் குச்சி ஊன்றி வேகமாக நடப்பது வழக்கம். முதல் குளிர்காலத்தில் ஒரு தாத்தா என்னை நிறுத்தி, கவலையாக, “உன் குச்சிகளைத் தொலைத்துவிட்டாயா?” என்று கேட்டார். இங்கேயும் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் என் பின்னால் இடுப்பை ஆட்டிக்கொண்டு வந்ததும் உண்டு. வெளிநாட்டில் எல்லோரும் மரியாதை தெரிந்தவர்கள் என்று நான் எழுத மாட்டேன். ஆனால் இங்கே சிரிப்பவர்கள் என் சங்கத்துக்காரர்கள் இல்லை.

வர்ணம் டெங்குவில் போனாள். காய்ச்சல் என்று படுத்தவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் கைப்பேசியில் ஒவ்வொரு பரிசோதனை முடிவாகக் கேட்டுக் கேட்டு, நர்சாக இருந்தும் ஒன்றும் செய்ய முடியாத தூரத்தில் இருந்தேன். அவள் போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது பணியில் இருந்தேன். மேற்பார்வையாளரிடம் போய் விடுப்புக் கேட்க வேண்டும். சாவைப் பற்றி எனக்குத் தெரிந்த ஜெர்மன், இல்லத்தில் யாராவது இறந்தால் குடும்பத்தாருக்கு போனில் சொல்லக் கற்றுக்கொடுத்த வாக்கியங்கள் மட்டும்தான். அதையே சொன்னேன். “உங்கள் அன்புக்குரியவர் அமைதியாகக் காலமானார் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.” அந்த அம்மாள் பதறி எழுந்து, “யார்? என் அம்மாவா?” என்று கேட்டார். இல்லை, என்னுடையவள் என்றேன்.

“உங்களுக்கு என்ன உறவு?”

“ஒரே சங்கம். சேர்ந்து நடப்போம்.”

அவர் கெட்டவர் இல்லை. தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். ஆனால் சாவுக்கான விடுப்பு, பெற்றோர், கணவன், பிள்ளை, உடன்பிறந்தவர் சாவுக்குத்தான். என் தங்கும் அனுமதி அட்டையும் புதுப்பிக்கப் போய் அலுவலகத்தில் கிடந்தது. அது இல்லாமல் நாட்டை விட்டுப் போனால் திரும்ப முடியுமா என்று எந்த ஜன்னலிலும் உறுதியாகச் சொல்லவில்லை. ஒரு ஜன்னலில் போகலாம் என்றார்கள், அடுத்த ஜன்னலில் போகாதே என்றார்கள். நான் போகவில்லை. காரைக்குடியில் இரங்கல் கூட்டம் நடந்தது. மானைப் போல ஓடியவள் என்று செயலாளர் பேசினாராம். அன்றைக்கே நான் சண்டை போட்டிருக்க வேண்டும். துக்கத்தில் வாய் தவறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். தவறவில்லை. அவர்களுக்கு அவள் என்ன செய்தாள் என்பதே தெரியாது.

6

போஸ்டரைப் பார்த்த அன்று மதிய இடைவேளையில் செயலாளரைக் கூப்பிட்டேன்.

“அடடே, மாரியா! நல்லாருக்கியாம்மா? அங்குட்டுக் குளிரா?”

“நல்லாருக்கேன் சார். போஸ்டர் பாத்தேன். வர்ணம் ஓடுனதே இல்ல. எப்புடி சார் ஓட்டம்னு போட்டீக?”

“எல்லாம் ஒண்ணுதானம்மா. ரெண்டுக்கும் காலத்தான வைக்கணும்?”

“ஒண்ணுதான்னா நடைன்னே வைங்க.”

“நடைன்னா யாரும்மா வருவா? சுகர் பேஷண்டுகதான் வருவாக.” அவரே சிரித்துக்கொண்டார். பக்கத்திலும் யாரோ சிரித்தார்கள்.

“பொம்பளைகளுக்கு ஏன் சார் மூணு கிலோமீட்டர்? அவ நடந்தது இருவது.”

“மயங்கி விழுந்துட்டா நான்ல பதில் சொல்லணும்?”

“அந்தப் போட்டோவையாச்சும் மாத்துங்க. ரெண்டு காலும் தரையில இல்ல. அவ அழிக்கச் சொன்ன படம் அது.”

“அதுதானம்மா அழகே! பறக்குறாப்ல இருக்கு. இந்தா பாரு, பனியன் எல்லாம் அச்சடிச்சு வந்துருச்சு. ஒனக்கு அவ மேல பாசம்னா அங்க இருந்தே ஒரு வாழ்த்து வீடியோ அனுப்பு. ஸ்கிரீன்ல போடுறோம். ஜெர்மனியில இருந்து வாழ்த்துன்னா கெத்தா இருக்கும்.”

நான் வைத்துவிட்டேன். இடைவேளை முடிய இன்னும் நேரம் இருந்தது. இல்லத்துத் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். சீருடையில், பணிச் செருப்பில், முழங்கையை மடக்கி. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் கை தட்டினார்.

அவள் இருந்தவரை மைதானத்தைக் கொடுக்கவில்லை. இப்போது அதே மைதானத்தில் அவள் பெயரில் தொடக்கவிழா. அவளை இருபது கிலோமீட்டருக்கு அனுப்ப மறந்தவர், அவள் பெயரில் பெண்களுக்கு மூன்று கிலோமீட்டர் அளந்து கொடுக்கிறார். நடந்தவளை நடந்தவளாக நினைக்க முடியாதவர்களுக்கு அவள் பெயர் எதற்கு?

7

வர்ணத்தின் அம்மா சிங்கம்புணரி சந்தையில் காய்கறி விற்கிறார். நான் அத்தை என்று கூப்பிடுவேன். ஓட்டத்தைக் கொடி அசைத்துத் தொடங்கி வைக்க அவரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அன்று பணி முடிந்ததும் அவருக்கு போன் செய்தேன்.

“அசைக்கணும்னாக, சரின்னுட்டேன்த்தா. அவ நடைக்குன்னுல்ல நெனச்சேன். ஓட்டம்னு நீ சொல்லித்தான தெரியுது.”

“இப்ப என்ன செய்வீக அத்த?”

சந்தை இரைச்சலுக்கு நடுவே யாரிடமோ தக்காளி விலை சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

“வர்றேன்னு வாக்குக் குடுத்துட்டேன், போவேன். கொடிய வாங்கி இடுப்புல சொருகிக்கிட்டுப் பேசாம நிப்பேன். எம்மக மாதிரி நடக்குறவுக வந்து நிக்கட்டும், அப்ப அசைக்கிறேன். இல்லையா, கொடியோட வீட்டுக்கு வந்துருவேன்.”

அன்று மாலையே கௌசல்யா கூப்பிட்டாள். வர்ணம் சேர்த்துவிட்ட நாலு பிள்ளைகளில் மூத்தவள்.

“யக்கா, நாங்க நாலு பேரும் ஓட்டத்துக்குப் பேரு குடுத்துட்டோம்.”

எனக்குச் சுருக்கென்றது. “ஓடப் போறீகளா?”

“ஓடுவோமாக்கா? நடப் போட்டியில ஓடுனாத்தான் வெளிய அனுப்புவாக. ஓட்டப் போட்டியில நடக்கக் கூடாதுன்னு எங்கக்கா விதி இருக்கு? நான் தேடிப் பாத்துட்டேன், இல்ல. மூணு கிலோமீட்டர் திருப்பத்துல நாங்க திரும்ப மாட்டோம். ஆம்பளைக போற பத்து வரைக்கும் போவோம். அப்புறம் இன்னொரு சுத்து. இருவது.”

“நிறுத்தச் சொன்னா?”

“ரோடுதானக்கா, காசா கேக்குது?” பின்னால் மற்ற மூன்று பேரும் சிரிப்பது கேட்டது. “செயலாளர் சாரும் ஓடுறாராம். அவரத் தாண்டும்போது மட்டும் வணக்கம் வச்சுட்டுப் போறதா, வைக்காமப் போறதான்னுதான் எங்களுக்குள்ள சண்டை.”

“வைங்க. ஆனா கையை நீட்டி வைக்காதீக. முழங்கை கலைஞ்சா நடை கலையும்.”

“சரிக்கா. எங்க நடையப் பாக்கத்தான் நடுவர் இல்ல. நாங்க சுத்தமா நடந்தாலும் ஓடுனோம்னுதான் சொல்லுவாக.”

வர்ணம் இறப்பதற்கு முந்தின கோடையில் நான் இங்கே நடுவர் பயிற்சி முடித்திருக்கிறேன் என்று கௌசல்யாவுக்குத் தெரியாது. யாரிடமும் சொல்லவில்லை. சான்றிதழ் வந்ததும் வர்ணத்திடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன், அதற்குள் அவள் போய்விட்டாள்.

“கோவிலூர் திருப்பத்துல ஒரு நடுவர் நிப்பாக,” என்றேன். “பிசகுனா தெரிஞ்சவுகன்னு பாக்க மாட்டாக. கவனமா நடங்க.”

மேற்பார்வையாளரிடம் போனேன். இந்த முறை உறவு எதையும் சொல்லவில்லை. என் ஆண்டு விடுப்பிலிருந்து கேட்டேன். அட்டையும் கைக்கு வந்துவிட்டது. திருச்சிக்கு டிக்கெட் எடுத்தேன்.

இதை விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். சற்று முன் பாதுகாப்புச் சோதனையில் என் கைப்பையைத் திறந்தார்கள். அதிகாரி என் நடுவர் மட்டையை, அந்த மஞ்சள் மட்டையை, வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் கால் தரையை விட்டதற்கு நெளிகோடு, மறுபக்கம் முட்டி மடங்கியதற்கு மடங்கிய கோடு. இது என்ன விளையாட்டுக்கு என்று கேட்டார். நடைப் பந்தயம் என்றேன். அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. அவர் அதைத் திருப்பிக் கொடுக்கும்வரை கையை நீட்டியபடியே நின்றேன். வாங்கி, பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, விமானம் ஏறும் வாசலுக்கு நடந்து வந்துவிட்டேன்.